அண்டாவில் கொதித்த ஈயம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளக் கவரின் மேல் எழுதியிருப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. எங்கள் தையல் ஆலையில் அவள் இடி அக்கா. மிஷின்கள் மொத்தமும் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் தும்மினால்கூடக் கேட்காது. ஆனால் பின்பக்கச் சமையலறையிலிருந்து, "வாங்கடி, வந்து கொட்டிக்கோங்க!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், கடைசி வரிசையில் காலர் தைத்துக்கொண்டிருக்கும் என் காதில் வந்து விழும்.

திட்டிக்கொண்டே பரிமாறுவாள். திட்டாமல் பரிமாறினால் ஏதோ கோபம் என்று அர்த்தம். "என்னடி இது, கோழி கொத்துற மாதிரி கொத்துற? ஊசியில நூல் கோக்கவாவது தெம்பு வேணாமா?" என்பாள், கரண்டி அதற்குள் தட்டில் கவிழ்ந்திருக்கும். ஒருநாள் முதலாளி வெளியூர் ஆட்களை அழைத்து வந்து, வரிசையைத் தாண்டி டம்ளரை நீட்டினார். "சார், கடைசியில போய் நில்லுங்க. இவங்க எல்லாம் காலையிலேர்ந்து நிக்கிறாங்க" என்றாள். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம்.

புருஷன் என்று ஒருத்தன் இருந்தான். தன் குரலுக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கென்று இருந்தது தங்கை மட்டும்தான். அம்மா போனபிறகு இவள் தூக்கி வளர்த்த பெண். அதே ஆலையில் பட்டன் ஓட்டை போடும் மிஷினில் இருந்தாள். சத்தமே இல்லாதவள். அக்காள் எல்லாச் சத்தத்தையும் தானே எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டாள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஆலையில் இரண்டாவது ஷிப்ட் தொடங்கியபோது பழைய பாத்திரங்கள் போதவில்லை. முதலாளி இரண்டு பெரிய அலுமினிய அண்டாக்களை வாங்கிப் போட்டார். உருக்கி வார்த்தவை. கனமான அடி, உள்ளே ஒரு குழந்தை உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு அகலம். இடி அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "அடி பிடிக்கவே பிடிக்காதுடி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினாள். சாம்பல் நிறம் போய்ப் பளபளக்கும்வரை கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சந்தையில் நசுங்கிப்போன தக்காளியை மூட்டையாக எடுத்து வருவது முதலாளியின் வழக்கம். ஆகவே எப்போதும் புளிப்பான குழம்புதான். காலையில் கொதித்தது மாலை ஷிப்ட் வரைக்கும் அதே அண்டாவிலேயே ஊறும். ஊற ஊற ருசி என்போம்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து வந்த கர்ப்பம். எங்களுக்கு ஒரு கரண்டி என்றால் தங்கைக்கு இரண்டு கரண்டி விழும். "உனக்கில்லடி, உள்ள இருக்கிற ஆளுக்கு" என்பாள் இடி அக்கா. தங்கை போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிடுவாள்.

எங்களுக்கு எப்போது உடம்பு கெட ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வயிற்றைச் சுருட்டிப் பிடித்து இழுக்கும். நாள் கணக்கில் வெளியே போகாது. தலை கனக்கும். எனக்கு மணிக்கட்டு தொய்ந்துபோய், கத்தரிக்கோல் கையை விட்டு நழுவிற்று. கழிப்பறைக் கதவுக்கு வெளியே மேஸ்திரி நின்றுகொண்டு, "உள்ள உக்காந்து தூங்கவா கம்பெனி சம்பளம் குடுக்குது?" என்று கத்துவார். கம்பெனிக்கு வந்துபோகும் வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வார். கண்ணைக்கூடப் பார்க்கமாட்டார். "வாயு. தண்ணி நிறைய குடிங்க. பொம்பளைங்க சரியா சாப்பிடறதில்ல" என்று ஒரே வெள்ளை மாத்திரையை எல்லோருக்கும் கொடுப்பார். சரியாகச் சாப்பிடவில்லையாம்! சாப்பிட்டதுதான் எங்களைக் கொன்றுகொண்டிருந்தது.

இஸ்திரி போடும் பெண்கள் இரண்டு பேருக்குக் கரு கலைந்தது. கனம் தூக்கியிருப்பாய், மாடி ஏறியிருப்பாய் என்று அவரவர் வீட்டில் அவர்களையே குற்றம் சொன்னார்கள். பிறகு தங்கைக்கு நாள் வருவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்குத் தங்கையின் வெளுத்த முகம் உறுத்தியிருக்கிறது. கீழுதட்டை விரலால் மடித்துப் பார்த்தார். ஈறின் ஓரத்தில் மைக்கோடு இழுத்ததுபோல நீலமாக ஒரு கோடு.

"என்ன வேலை பாக்குறீங்க? பேட்டரி கம்பெனியா? பெயிண்டா?"

"தையலுங்க" என்றாள் தங்கை.

ரத்தம் எடுத்து வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது இடி அக்காவும் நானும் உடன் இருந்தோம். "ரத்தத்துல ஈயம் இருக்கு. இருக்கவே கூடாத அளவு" என்றார் டாக்டரம்மா.

இடி அக்காவுக்குப் புரியவில்லை. "ஈயமா? பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறது நல்லதுதானேம்மா?"

"அது வெள்ளீயம். வேற உலோகம். இது காரீயம். எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கும். கர்ப்பமா இருக்கும்போது எலும்பிலிருந்து கரைஞ்சு பிள்ளைக்கும் போகும். பிள்ளையோட மூளை வளர்ற நேரத்துல அதைக் கெடுக்கும். இவ்வளவு இருந்தா பரவாயில்லன்னு சொல்ற அளவே கிடையாது."

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல என்று பேச்சுக்குச் சொல்வோம். எங்களுக்கு வாயில் ஊற்றியிருக்கிறார்கள்.

டாக்டரம்மா எங்களில் இன்னும் சிலரை வரச்சொல்லி ரத்தம் எடுத்தார். எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது. நூலைப் பார்த்தார்கள், சாயத்தைப் பார்த்தார்கள், குழாய்த் தண்ணீரைப் பார்த்தார்கள். ஒன்றிலும் குறையில்லை. கடைசியில் டாக்டரம்மா கேட்டார்: "எல்லாரும் சேர்ந்து ஒரே இடத்துல சாப்பிடுறீங்களா? யார் சமைக்கிறாங்க?"

எல்லோரும் இடி அக்காவைப் பார்த்தோம். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"என் சமையல்ல விஷம்னு சொல்றீங்களா? என் கையாலயா? இத்தனை பேருக்கு வடிச்சுக் கொட்டுறேன், ஒருத்தருக்கு ஒரு ஏப்பம் சரியில்லன்னு கேட்டிருக்கீங்களா? படிச்சுட்டா என்ன வேணும்னாலும் பேசலாமா?"

ஆஸ்பத்திரி நடைக்கூடமே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "உங்க கையில ஒண்ணுமில்லம்மா. நீங்க போடுற எல்லாத்துலயும் ஒரு பிடி கொண்டாங்க. சமைச்சதையும் கொண்டாங்க. உங்களுக்காகவே கேக்குறேன்."

கோபத்தோடுதான் கொண்டுபோனாள். தன்னைச் சுத்தமானவள் என்று நிரூபிக்கப் போகிறவள்போலக் கொண்டுபோனாள். அரிசி, பருப்பு, மிளகாய்த் தூள், எண்ணெய், உப்பு, தக்காளி, எல்லாம் தனித்தனிப் பொட்டலம். ஒரு மூடி போட்ட டப்பாவில் மாலை ஷிப்ட் குழம்பு.

பொட்டலம் எதிலும் கவலைப்படும்படி ஒன்றுமில்லை. டப்பாவில் இருந்த குழம்பில் ஈயம் இருந்தது.

"அப்படின்னா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டாள் இடி அக்கா. குரல் வழக்கத்தில் பாதிகூட இல்லை.

"பாத்திரம்" என்றார் டாக்டரம்மா. "புளிப்பு அதைக் கரைக்குது. நேரம் ஆக ஆக இன்னும் கரையும்."

வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ரெண்டு கரண்டிடி. ஒவ்வொரு வேளையும் ரெண்டு கரண்டி போட்டேன்" என்றாள். எழுந்து விறுவிறுவென்று நடந்தாள். அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

அண்டா வாங்கிய கடையில் விசாரித்துப் போனோம். அதை வார்த்த பட்டறை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தது. வாசலிலேயே மலைபோலப் பழைய சாமான்கள். உடைந்த வண்டி ரேடியேட்டர், என்ஜின் துண்டு, கம்ப்யூட்டர் ஓடு, வயர், பழைய பேட்டரியின் சிதறல். ஒருவன் அவற்றை மண்வெட்டியால் அள்ளி உலையில் போட்டுக்கொண்டிருந்தான். பிரித்தெடுப்பதெல்லாம் கிடையாது. உருகுகிறதா, பாத்திரமாகும்.

பட்டறைக்காரர் வெளியே வந்தார். சட்டை இல்லாத மெலிந்த உடம்பு. வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"இதையா உருக்குறே? இதுலயா மனுஷன் சோறு திங்கிற பாத்திரம் செய்யிறே?" இடி அக்கா கேட்டது அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.

"இத்தனை வருஷமா இப்படித்தான் செய்யிறோம். யாரும் வந்து கேட்டதில்ல."

"உன் வீட்டுல எதுல சமைக்கிறாங்க?"

அவர் கொட்டகையின் மறுகோடியைக் காட்டினார். அவருடைய மனைவி அடுப்பின் முன் குனிந்திருந்தாள். அடுப்பின் மேல் அதே சாம்பல் நிறத்துப் பாத்திரம். இரண்டு குழந்தைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தன. அவரைக் காறித் துப்புவதற்கென்றே வந்த இடி அக்காவுக்கு, துப்ப ஆளில்லாமல் போய்விட்டது. போய் அந்தப் பெண்ணிடம் மட்டும், "இந்தப் பாத்திரத்தைத் தூக்கிப் போடும்மா, பிள்ளைங்களுக்கு ஆகாது" என்றாள். அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டரம்மா தந்த காகிதத்தின் நகலோடு முதலாளியிடம் போனோம். "கடையில விக்கிறதை வாங்கினேன். நான் என்ன விஷத்தையா வாங்கிப் போட்டேன்? நல்லா வெந்நீர் ஊத்திக் கழுவிட்டு வையுங்க" என்றார். இடி அக்கா அடுப்பை அணைத்தாள். இனி அந்த அண்டாவில் தண்ணீர்கூட வைக்கமாட்டேன் என்றாள். மறுநாள் அவள் வேலைக்கு வந்தபோது காவலாளி வாசலில் தடுத்தார். பல வருஷம் அவள் கையால் சாப்பிட்டவர். முகத்தைப் பார்க்காமலேயே, "உள்ள விட வேணாம்னுட்டாங்க, அக்கா" என்றார்.

அலுவலகங்களுக்கு நடந்தோம். உணவுத் துறை அதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "அரிசி, பருப்பு எல்லாம் சரியா இருக்குன்னு நீங்களே கொண்டுவந்திருக்கீங்க. பாத்திரம் எங்க வேலையில்ல. தொழில் துறைக்குப் போங்க." தொழில் துறையில் இருந்தவர், பாத்திரத்தில் எடை குறைந்தால், ஓட்டை இருந்தால் தாங்கள் பார்ப்பதாகவும், அதில் சாப்பிட்டு நோய் வந்தால் சுகாதாரத் துறை பார்க்கும் என்றும் சொன்னார். சுகாதாரத் துறையிலோ, நோயாளியாக வந்தால் வைத்தியம் பார்ப்போம் என்றார்கள்.

இடி அக்கா மேசையில் ஓங்கி அறைந்தாள். மை டப்பா துள்ளி விழுந்தது. "அப்போ என் தங்கச்சி வயித்துல இருந்த பிள்ளை எந்தத் துறைங்க?"

காவலாளியைக் கூப்பிட்டு எங்களை வெளியே அனுப்பினார்கள். நாகரிகமில்லாத பொம்பளை என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. ஆமாம், நாகரிகமில்லைதான். நாகரிகமாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இதையெல்லாம்கூட ஒருவேளை அவள் விழுங்கியிருப்பாள். அடுத்து நடந்ததை விழுங்க முடியவில்லை. ஆலையில் நாங்கள் சாப்பிட மறுத்துவிட்டதால் அண்டாக்கள் சும்மா கிடந்தன. முதலாளி அவற்றை விற்றுவிட்டார். அதுவும் தெரிந்தே விற்றார். டாக்டரம்மாவின் காகிதம் அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கும்போதே விற்றார். வாங்கியது, வெளியூரிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் தங்கும் விடுதி. லாரியில் ஏற்றும்போது பார்த்த காவலாளிதான் மனம் பொறுக்காமல் இடி அக்காவின் வீட்டுக்கு வந்து சொன்னார்.

தங்கையின் புருஷன் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். அதிலேயே ஏறினோம். தங்கையும் குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "நீ எதுக்குடி?" என்று இடி அக்கா கேட்டதற்கு, "நானும் வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

விடுதிச் சமையலறை ஆவியில் மிதந்தது. இரண்டு அண்டாக்களில் ஒன்று அடுப்பில் ஏறியிருந்தது. உள்ளே சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒல்லியான ஒரு சமையல்காரி துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். இடி அக்கா நேராகப் போய் அண்டாவின் காதைப் பிடித்தாள். சூடு சுட்டதைக்கூட அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"கையை எடு! யாரு நீ?" ஒல்லிக்காரி துடுப்பை ஓங்கினாள். "என் பாத்திரத்தைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!"

"இதுல விஷம் இருக்கு. இறக்கு."

"என் சமையல்லயா விஷம்? இத்தனை பிள்ளைங்களுக்கு வடிச்சுக் கொட்டுறேன், எவ வந்து என்னைப் பாத்து விஷம்ங்கிறது?"

இடி அக்கா பிடியை விட்டாள். அவள் வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். ஆஸ்பத்திரியில் தான் பேசியதையே யாரோ எடுத்துத் தன் முகத்தில் வீசியதுபோல நின்றாள். ஒல்லிக்காரிக்கோ துடுப்பை இறக்க மனமில்லை. குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது.

தங்கைதான் முன்னால் போனாள். கீழுதட்டை விரலால் இழுத்து ஈறைக் காட்டினாள். பிறகு துணியை விலக்கிக் குழந்தையைக் காட்டினாள். "நாள் ஆகுறதுக்குள்ள பிறந்துடுச்சு. அக்காதான் இந்த அண்டாவுல எனக்குச் சமைச்சுப் போட்டா. அவளுக்கும் தெரியாது, அக்கா" என்றாள் அந்த ஒல்லிக்காரியிடம்.

ஒல்லிக்காரி குழந்தையைப் பார்த்தாள். இடி அக்காவைப் பார்த்தாள். துடுப்பைக் கீழே போட்டாள். இரண்டு பேருமாகப் பழந்துணியால் பிடித்து அண்டாவை இறக்கினார்கள். குழம்பைச் சாக்கடையில் கொட்டியபோது ஒல்லிக்காரி முதலில் தன் வார்டனைத் திட்டினாள். பிறகு எங்கள் முதலாளியைத் திட்டினாள். அப்புறம் பெயர் தெரியாத யார் யாரையோ திட்டினாள். இடி அக்காவுக்குத் தெரியாத வசவுகளெல்லாம் அவளிடம் இருந்தன.

"அது சரி, இப்போ மத்தியானத்துக்கு எதுல ஆக்குறது? பிள்ளைங்க மணி அடிச்சதும் வந்து நிக்குமே" என்றாள் கடைசியில். தங்கையின் புருஷன் வாடகைப் பாத்திரக் கடைக்குப் போய், தன் பெயரில் எவர்சில்வர் பாத்திரம் எடுத்துவந்தார். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து காய் நறுக்கினோம். இடி அக்கா பரிமாறினாள். யாரையும் திட்டாமல் பரிமாறினாள்.

அண்டாக்களை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். டாக்டரம்மா ஒரு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். மீதியைப் பழைய இரும்புக்குப் போடக் கூடாது என்று இடி அக்கா பிடிவாதமாக நின்றாள். "போட்டா அவங்க மறுபடி உருக்குவாங்க. அது மறுபடி பாத்திரமாத்தான் வரும்." ஆஸ்பத்திரியின் கிடங்கில் ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். டாக்டரம்மா எழுதிய கடிதத்துக்குப் பிறகு அதிகாரிகளுக்குக் கொஞ்சம் காது கேட்க ஆரம்பித்தது. ஓர் ஆணை வந்தது. பட்டறை மூடப்பட்டது. மழைக்காலம் முடிவதற்குள் வேறொரு தெருவில் வேறொரு கொட்டகையில் புகை வந்தது. எங்கள் முதலாளிக்கு எதுவும் ஆகவில்லை. இப்போது ஆலையில் சாப்பாடே கிடையாது, வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். அதையும் எங்கள் உடல்நலத்துக்காகச் செய்ததாகப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

என் மணிக்கட்டு ஓரளவு தேறிவிட்டது. மற்றவர்களுக்கும் வயிற்று வலி நின்றுவிட்டது. எலும்புக்குள் போனது போகப் பல காலம் ஆகும் என்றார் டாக்டரம்மா. தங்கையின் பெண் இப்போது நடக்கிறாள். தாமதமாகத்தான் நடந்தாள். பேச்சு அதிகம் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், சில நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இது ஈயத்தால் வந்ததா, நாளுக்கு முன் பிறந்ததால் வந்ததா என்று கேட்டதற்கு, "பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா.

தங்கை அக்காளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் அக்காள் கரண்டியைக் கொண்டுவந்தால் தங்கையின் கை தானாகத் தட்டை மூடுகிறது. மூடியபிறகுதான் அவளுக்கே தெரியும். உடனே எடுத்துவிடுவாள். அதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் இடி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறெதையோ தேடுவாள்.

இப்போது அவள் அந்த விடுதியில் ஒல்லிக்காரியோடு சேர்ந்து சமைக்கிறாள். சந்தை நாளில் மட்டும் லீவு போட்டுவிட்டுப் பாத்திரக் கடைத் தெருவுக்குப் போய்விடுகிறாள். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, "இது எதை உருக்கிச் செஞ்சது? சொல்லு" என்று கேட்கிறாள். கடைக்காரர்கள் அவளைப் பைத்தியம் என்கிறார்கள். ஒருவர் அவள்மேல் தண்ணீரை வீசி ஊற்றினார். அடுத்த சந்தை நாளில் அதே கடைக்கு முதலில் போனாள்.

போன முறை நானும் கூடப் போயிருந்தேன். புதிதாகக் குடித்தனம் வைக்கிற மாதிரி ஓர் இளம் ஜோடி பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தது. இடி அக்கா போட்ட சத்தத்தில் அந்தப் பெண் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். பயந்தாலும் ஓடவில்லை. கிட்டே வந்து கேட்டாள்: "அக்கா, அப்போ நல்லது எது, கெட்டது எதுன்னு எப்படிப் பாத்து வாங்குறது?"

இடி அக்கா இரண்டு பாத்திரங்களைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரிப் பளபளத்தன.

"பாத்தா தெரியாதும்மா. எனக்கே தெரியாது" என்றாள். "தெரிஞ்சு சொல்ல வேண்டியவங்க ஃபேன் போட்டு உக்காந்திருக்காங்க. நீ இப்போதைக்கு எவர்சில்வர் வாங்கு."

பாத்திரங்களை நங்கென்று வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனாள். அவள் வருவதைப் பார்த்த கடைக்காரர் அவசர அவசரமாக ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்.